தோட்டத்துப் பெரியவரின் போராட்டக் கதையைப் பதிவு செய்ய

கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களிடையே, மூத்தவரிடம் கதை கேட்குமுன் புகையிலை கொடுத்து வேண்டுவது மரபு. அவர் அதை வாங்கினால்தான் சம்மதம். அதுபோல, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பெரியவர்முன் வெற்றிலை பாக்குத் தட்டு வையுங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள், இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால், தம்ளர் வைக்கும் ஓசைகூட இடியாக விழும்.

"எந்த வருஷம் தாத்தா?" என்றால் தடுமாறுவார். "மே 13 கலவரத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று 1969இல் மலேசியாவில் நடந்த இனக் கலவரத்தை வைத்துக் கேளுங்கள், காலம் பிடிபடும்.

பெரட்டு (காலை ஆள்கணக்கு), கங்காணி (மேற்பார்வையாளர்), லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 40 நிமிடத்தில் நிறுத்துங்கள், களைத்தபின் சுருக்கிவிடுவார். வெளியிடுமுன் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாமென்றதை நீக்கியே ஆகவேண்டும்.