இங்கிலாந்து விடுதிப் பாடசாலை: முழுச் செலவையும் கணக்கிடுவது எப்படி?

பாடசாலை அனுப்பும் கட்டண விபரத்தை மட்டும் நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள். அந்தத் தொகையில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் அங்குள்ள தனியார் பாடசாலைகளுக்கு 20% வற், விடுதிக்கும்தான். தவணைக்கு 10,000 பவுண் என்றால் கையை விட்டுப் போவது 12,000. மூன்று தவணைக்கு 36,000.

அதை இலங்கை ரூபாயாக்கும்போது வங்கி பவுணை விற்கும் விலையைப் பாருங்கள், வாங்கும் விலையை அல்ல. 2022இல் ரூபாய் விழுந்த வேகம் நினைவிருக்கும். 15 வீதமாவது மேலதிகமாக வையுங்கள்.

அடுத்து, விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தவணை நடு விடுமுறையில் விடுதி மூடினால் பிள்ளையை வைத்திருக்கும் பாதுகாவலருக்குத் தனிக் காசு.

பலர் சறுக்குவது வங்கிக் கணக்கில்தான். விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். அறுவடைக் காசும் சீட்டுக் காசும் போட்டு நிரப்பிவிட்டு, இருபதாம் நாள் அதிலிருந்தே விமான டிக்கெட்டுக்கு எடுத்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. டிக்கெட்டுக்கு வேறு கணக்கு வையுங்கள்.

தமிழிலுள்ள பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பிக்க வேண்டும். விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனை கொழும்பில். கைரேகையும் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பு, அக்கரைப்பற்றிலிருந்து பயணச் செலவையும் சேருங்கள்.

பாடசாலை ஒப்பந்தத்தில் ஒப்பமிட முன், பிள்ளையை விலக்குவதற்கான விதியை வாசியுங்கள். ஒரு முழுத் தவணை முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால், பிள்ளை படிக்காத தவணைக்கும் பல பாடசாலைகள் கட்டணம் கேட்கும்.