கழுத்தின் கோணத்தை மட்டும் பார்க்காதீர்கள்

எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்கள், கழுத்துவலி என்று யாராவது உள்ளே வந்தால் உடனே அவரைப் பக்கவாட்டில் நிற்க வைத்து செல்போனில் படம் எடுக்கிறார்கள். கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து காதுக்கு ஒரு கோடு, தரைமட்டத்திற்கு ஒரு கோடு. "சார், 44 டிகிரிதான் இருக்கிறது" என்று காட்டுகிறார்கள். கோணம் குறையக் குறைய தலை முன்னே துருத்தியிருக்கிறது என்று பொருள். நானும் இதே படத்தை எடுத்து, இதே கோட்டைப் போட்டுத்தான் தொழிலைத் தொடங்கினேன். தலையணை உயரம், படுத்தபடி டிவி பார்ப்பது பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. கழுத்துவலிக்காரர்களிடம் நாம் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கோணத்தை அளந்துவிட்டு, தாங்கும் நேரத்தை அளக்காமல் விடுவது

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் அக்கா ஒருவர் வந்தார். தினமும் ஒன்றரை ஷிப்ட் வேலை. சாயங்காலம் ஆனால் பிடரியிலிருந்து தோள்வரை இழுத்துப் பிடிக்கும். படம் எடுத்தேன், கோடு போட்டேன். "காது தோளுக்கு நேராக இருக்க வேண்டும் அக்கா, நாள் முழுக்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் சொன்னதைச் சொன்னபடி செய்யும் மனுஷி. ஐந்து வாரம் கழித்து வந்தபோது, சாயங்காலம் வந்த வலி காலை பதினொரு மணிக்கே வர ஆரம்பித்திருந்தது. "தம்பி, நீங்கள் சொன்ன மாதிரிதான் உட்கார்ந்தேன். இப்போது தலையைச் சுமக்கவே முடியவில்லை" என்றார். பீஸ் ரேட் வேலை என்பதால் சனிக்கிழமைச் சம்பளத்தில் நன்றாக அடி விழுந்திருந்தது. அந்தப் பணம் என் அறிவுரையால் போனது. இன்றைக்கும் ஒரு மாணவர் கோணத்தைச் சொல்லிவிட்டு நோட்டை மூடும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அன்று என் சீனியர் அந்த அக்காவை மல்லாந்து படுக்க வைத்தார். முழங்காலை மடக்கச் சொல்லி, தாடையை உள்ளே இழுக்க வைத்தார். அப்போது தொண்டைக்கு முன்னால் விழுந்த தோல் மடிப்பின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டார். தலைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, "தலையை ஒரு அங்குலம் மட்டும் தூக்கிப் பிடியுங்கள்" என்றார். மடிப்பு விரிந்து கோடு பிரிந்தாலோ, தலை கையில் வந்து உட்கார்ந்தாலோ கடிகாரத்தை நிறுத்த வேண்டும். ஒன்பதாவது நொடியில் தாடை நடுங்கி, கோடு பிரிந்தது.

தலையின் எடை சுமார் 5 கிலோ. முள்ளெலும்புகளின் முன்பக்கத்தை ஒட்டி, தொண்டைக்குப் பின்னால் ஓடும் ஆழ்தசைகள்தான் குறைந்த விசையில் நீண்ட நேரம் கழுத்தை நிலைநிறுத்துகின்றன. லாங்கஸ் கோலை என்ற தசை அவற்றில் முக்கியமானது. அவை சோர்ந்தால், காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் பெரிய தசையும், தோள்பட்டை மேல்தசையும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. ஒன்பது நொடி தாங்கும் கழுத்தைப் பத்து மணி நேரம் விறைப்பாக வைத்திருக்கச் சொன்னால், அந்த மேல்தசைகள்தான் தவிக்கும்.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதே சோதனையைச் செய்தபோது, வலி இல்லாதவர்கள் சராசரியாக 39 நொடியும் வலி உள்ளவர்கள் 24 நொடியும் தாங்கினார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது என்பதால் இந்த எண்ணை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. வலியே இந்தத் தசைகளை முடக்கும் என்பதால், பலவீனம் முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா என்றும் இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கிருந்து பயிற்சியைத் தொடங்குவது என்று இது சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். நாள்பட்ட கழுத்துவலி உள்ளவர்களைக் கணினி முன் உட்கார வைத்தால், பத்து நிமிடத்துக்குள் தலை மெல்ல முன்னே நகர்ந்தது. ஆறு வாரம் ஆழ்தசைகளைப் பழக்கிய பிறகு அவர்களால் நிமிர்ந்த நிலையை முன்பைவிட நன்றாகக் காக்க முடிந்தது. முதலில் தசை தாங்கப் பழக வேண்டும். நிமிர்வு அதன் பின்னால் வரும்.

"27 கிலோ" என்று பயமுறுத்துவது

தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று சுவரொட்டிகூட அடித்து ஒட்டியிருக்கிறார்கள். 2014இல் நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. யாருக்கு எவ்வளவு வலித்தது என்று அதில் எவரும் கேட்கவில்லை. பெர்த் நகரில் 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கழுத்து நிலையை வகைப்படுத்திப் பார்த்தபோது, எந்த வகைக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு தென்படவில்லை. பெரியவர்களில் ஓரளவு தொடர்பு தெரிகிறது. பயந்தவர் கழுத்தை அசைக்கவே மறுப்பார். அவரைப் பயிற்சிக்குக் கொண்டுவருவது இரண்டு மடங்கு வேலை.

தாடையை இழுக்கச் சொல்லிவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பது

பயிற்சி, தலையைத் தரையிலிருந்து தூக்காமல் "ஆமாம்" என்று மெல்லத் தலையாட்டுவதுதான். கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரலை வையுங்கள். காறை எலும்புக்கு இறங்கும் தசை கயிறு மாதிரி புடைத்தால், ஆழ்தசை வேலை செய்யவில்லை, அளவுக்கு மீறிப் பலம் போடுகிறார் என்று பொருள். காற்றுப் பையோடு வரும் அழுத்தமானி இருந்தால், பையைக் கழுத்துக்கு அடியில் 20 மி.மீ. பாதரச அளவில் வைத்து, 22, 24 என்று இரண்டிரண்டாக 30 வரை ஏற்றலாம். ஒவ்வொரு படியிலும் பத்து நொடி, பத்து முறை. பத்து முறையும் சீராக வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மாதக்கணக்கில் காலர் போட விடுவது

வேண்டாம்.

இரண்டு வாரத்தில் விட்டுவிடுவது

பின்லாந்தில் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வில், நாள்பட்ட கழுத்துவலி கொண்ட 180 அலுவலகப் பெண்களை 12 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். பலப் பயிற்சி செய்தவர்களுக்கும் தாங்குதிறன் பயிற்சி செய்தவர்களுக்கும் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. பனியன் கம்பெனி அக்காவுக்கு, காலை எழுந்ததும் பாயிலேயே ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை என்று பிரித்துக் கொடுத்தோம். மெஷினில் இஷ்டப்படி உட்காரலாம், அரைமணிக்கு ஒருமுறை மாற்றி உட்கார்ந்தால் போதும் என்றோம். ஒன்பது நொடி முப்பதைத் தொட மூன்று மாதம் ஆனது.

கை மரத்துப்போவதைக் கேட்காமல் விடுவது

கை மரத்தால், பிடி தளர்ந்தால், நடை தடுமாறினால் பயிற்சி கிடையாது. அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.