பாம்புப் பெட்டியின் படுக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கார்த்திகையில் ஓர் இளைஞர் தம்முடைய பால் பைத்தானை (ball python என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) துணிப்பையில் வைத்து ஏற்காட்டிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சேலம் அஸ்தம்பட்டியில் வளர்த்துவந்த பாம்பு அது. அவருக்கு வேலை மாற்றலானதால் மலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “அண்ணா, இரை எடுக்கவே மாட்டேன் என்கிறது” என்றார். திருப்பிப் பார்த்தேன். வயிற்றுச் செதில்களின் ஓரங்கள் பழுப்பேறி, இரண்டு இடங்களில் கொப்புளமும் கண்டிருந்தது. பெட்டியின் தரையில் பரப்பும் படுக்கை தவறானதால் வந்த புண் அது. என் முதல் பாம்பின் வயிற்றில் நான் கண்டதும் இதுவே என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் அயல்நாட்டுப் பாம்புகளைப் பற்றியவை. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதனைப் பதிவு செய்திருக்க வேண்டும். கூரிய சரளைக்கற்களையோ பூச்சிமருந்து தெளித்த தோட்டத்து மண்ணையோ பெட்டிக்குள் போடக்கூடாது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

மரவாடித் தூள்

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மரவாடியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். அந்தக் குவியலில் தேக்கு, சில்வர் ஓக், பசை தடவிய பிளைவுட் என்று எல்லாம் கலந்திருக்கும். சிடார் மரத்தின் மணமுள்ள எண்ணெய்கள் பாம்பின் மூச்சுப்பாதைக்குக் கேடு விளைவிப்பவை. பொடித்தூளோ எந்த மரத்தினுடையதாயினும் மூக்கிலும், பால் பைத்தானின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகளிலும், இரையோடு சேர்ந்து வாய்க்குள்ளும் போகும்.

ஈரமானியை நம்பித் தரையை நனைப்பது

எனக்கு இன்றும் பொறுக்க முடியாத தவறு இது. பால் பைத்தானுக்கு 50 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும் என்று படித்த அந்த இளைஞர், மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த ஈரமானி 50 என்று காட்டும்போதெல்லாம் தென்னை நார்த்தூளின் மேல் காலையும் மாலையும் நீர் தெளித்திருக்கிறார். சேலத்தின் சித்திரை வெயிலில் அந்த நீர் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும் என்பதால் அங்கே இந்தப் பழக்கம் பெரிய தீங்கு செய்யவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் மாதத்தில் அதே பழக்கம் பாம்பைச் சேற்றில் கிடத்திவிட்டது.

ஈரமானி பொய் சொல்லவில்லை. வைத்த இடம்தான் தவறு. வெப்பவிளக்கின் அருகே 32 டிகிரியில் 50 விழுக்காடு என்று காட்டும் நீராவி, பெட்டியின் குளிர்ந்த ஓரத்தில் 20 டிகிரிக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட நிறைநிலையை எட்டிவிடும், ஏனெனில் குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவி குறைவு. மேலே 50 என்ற எண்ணைப் பார்த்து மனிதர் தெளித்துக்கொண்டே இருக்க, கீழே தூள் ஒருபோதும் உலர்வதில்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு பகலில் பதுங்கும் எலிவளையிலும் கரையான் புற்றிலும் காற்று ஈரமாக இருக்குமே தவிர, வயிறு படியும் தரை நசநசவென்று இருக்காது.

என் முதல் பாம்பின் வயிற்றை நான் ஆறு வாரம் திருப்பியே பார்க்கவில்லை. செதில் அழுகல் உள்ளே பரவி அது இறந்த பிறகுதான் தூளைக் கையில் அள்ளிப் பிழிந்தேன். விரல்களுக்கிடையே நீர் சொட்டியது.

ஆகவே முதலில் குளிர்ந்த ஓரத்தை 25, 26 டிகிரிக்கு உயர்த்துங்கள். வெப்பமூட்டிக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஈரமானியை அந்த ஓரத்தில், தரையருகே வையுங்கள். நார்த்தூளை ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, தேவைப்பட்டால் மட்டும் மூலையில் சிறிது நீர் ஊற்றினால் அடியடுக்கு ஈரத்தை வைத்திருக்கும், மேற்பரப்பு உலர்ந்திருக்கும். சட்டை உரிக்கும் நாட்களுக்கு ஈரப்பாசி வைத்த சிறு டப்பாவில் துளையிட்டு உள்ளே வைத்தால் போதும், பாம்பு தானே போய்ப் படுத்துக்கொள்ளும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் நான் நீர் ஊற்றுவதே இல்லை.

நர்சரிக்கென விற்கும் நார்த்தூள்

உரம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். உரம் கலக்காததையும் இருமுறை அலசி உப்பை நீக்கி, காயவைத்த பிறகே பரப்ப வேண்டும்.

மணல்

வேண்டாம்.

பாம்புப் பேனுக்கு அந்துருண்டை

பாம்பு சாகும்.

புதிய பாம்புக்கு முதல் நாளே அழகிய படுக்கை

இரண்டு மாதமாவது வெறும் செய்தித்தாளோ சமையலறைக் காகிதமோ போதும். வெள்ளைக் காகிதத்தில் கறுப்புப் புள்ளியாக ஊரும் பேனும், கழிவின் நிறமும், வாயிலிருந்து வழியும் சளியும் உடனே தெரியும். தூளில் இவை எதுவும் தெரியாது. அந்த இளைஞரின் பாம்பையும் மருத்துவரிடம் காட்டி மருந்து தொடங்கிய நாளிலேயே காகிதத்துக்கு மாற்றினோம். அவர் காகிதத்தை நாள்தோறும் மாற்றினார். இரண்டாம் முறை சட்டை உரித்தபோது வயிற்றுச் செதில்கள் ஏறத்தாழ வெண்மையாகிவிட்டன. தை மாதக் கடைசியில் ஓர் எலியை விழுங்கியது. அவர் இன்னும் தூளுக்குத் திரும்பவில்லை, நானும் திரும்பச் சொல்லவில்லை.