பிள்ளைகளோடு கொழும்புக் கரையோரத்தில் குடியேற: இடம் தெரிவுசெய்வது எப்படி?

வவுனியாவிலிருந்து நாங்கள் கொழும்புக்கு வந்தபோது மகள் தரம் 7, மகன் தரம் 3. வீடு காட்ட வந்த தரகர் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடிக்குக் கூட்டிப்போய் பல்கனிக் கதவைத் திறந்தார். எதிரே முழுக் கடல். பிள்ளைகள் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தோம். பாடசாலைக்கு எப்படிப் போவது, மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும், பின்னேரம் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று ஒன்றையும் கேட்கவில்லை.

பதினொரு மாதத்தில் அந்த வீட்டை விட்டோம். கரையோரத்தை ஒட்டித் தெற்கே காலி நகர் நோக்கிப் போகிற காலி வீதியைத் தாண்டி அறுநூறு மீற்றர் தள்ளி வேறு வீடு. வாடகை ஏறக்குறைய அதேதான். ஆனால் பிள்ளைகள் காலையில் முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள், அழாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த அறுநூறு மீற்றரில் நான் படித்ததைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். முதன்முறை கொழும்புக்கு வருகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: கரையைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

கொழும்புக் கரையோரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வடக்கே வத்தளையிலிருந்து தெற்கே பாணந்துறை வரை ஒவ்வொரு துண்டும் வேறு ஊர் மாதிரி. ஒரு வரைபடத்தை எடுத்துப் பென்சிலால் பிரித்துக்கொள்ளுங்கள்.

வத்தளையும் ஹெந்தளையும் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பஹா மாவட்டத்தில் இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு, கொழும்பை விட இடவசதியும் கிடைக்கும். ஆனால் வத்தளை நகருக்குள் ரயில் ஸ்டேஷன் கிடையாது. கொழும்புக்குள் படிக்கிற பிள்ளை தினமும் ஆற்றைக் கடக்க வேண்டும். காலை நேரத்தில் பாலங்களை நெருங்கும் வாகன வரிசையை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை. கொட்டாஞ்சேனைக்கு மேற்கே துறைமுகம் இருப்பதால் வாசலில் கடற்கரை இருக்காது. மணலில் கால் வைக்க மட்டக்குளிக் காக்கைதீவுக்குப் போக வேண்டும். கோயில், தேவாலயம், பாடசாலை, கடை எல்லாம் நடை தூரத்தில் வேண்டும் என்றால் கொட்டாஞ்சேனைக்கு நிகர் கிடையாது.

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்பவை தபால் முகவரியில் கொழும்பு 03, 04, 06. தமிழில் பேசியே நாளை ஓட்டலாம். வாடகை தெற்கே போகப் போகக் கொஞ்சம் இறங்கும். அப்புறம் தெஹிவளையும் கல்கிசையும். குளிக்கக்கூடிய மணற்கரை உண்மையில் கல்கிசையில்தான் தொடங்குகிறது. வெள்ளவத்தைக் கரை பெரும்பாலும் அலைதடுப்புக் கற்கள். இரத்மலானை, மொறட்டுவை, பாணந்துறை இன்னும் தெற்கே. கொழும்புக் கோட்டையிலிருந்து மொறட்டுவை சுமார் 18 கிலோமீற்றர், பாணந்துறை சுமார் 27. வீடு பெரிதாகும், பிள்ளையின் பயணமும் நீளும்.

படி 2: பாடசாலை உறுதியான பிறகே வீடு

இதை மாற்றிச் செய்து அவதிப்பட்ட பல குடும்பங்களை எனக்குத் தெரியும். வீடு எங்கேயும் கிடைக்கும். தமிழ் மொழிமூலத்தில், உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஓர் இடம் எல்லாப் பாடசாலையிலும் கிடைக்காது.

பம்பலப்பிட்டியில் கொழும்பு இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயம், கொட்டாஞ்சேனையில் விவேகானந்தா கல்லூரி, இரத்மலானையில் இன்னோர் இந்துக் கல்லூரி. கல்கிசை புனித தோமையர் கல்லூரி போன்ற தனியார் பாடசாலைகள் தங்கள் முறையில் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. சர்வதேசப் பாடசாலைகள் என்றால் ஆங்கில மொழிமூலம், கட்டணம் தனி.

பிள்ளை தரம் 1இல் சேரப்போகிறது என்றால் கவனமாகக் கேளுங்கள். கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் சுற்றறிக்கை வெளியிடுகிறது. அண்மைக்காலச் சுற்றறிக்கைகளில் பாதி இடங்கள், அதாவது 50 சதவீதம், பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் சகோதரர்களுக்கு 15. அண்மையில் வசிப்பது என்றால் போன மாதம் குடிவந்தது போதாது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கிற பாடசாலைக்கும் இடையே, அதை விடக் கிட்டவாக வேறு அரச பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். ஆகவே, புதிதாக வாடகைக்கு வருகிற குடும்பம் பெயர்பெற்ற பாடசாலை ஒன்றின் மதிலை ஒட்டி வீடெடுத்தால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பிக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டாம். தரகர்கள் அப்படிச் சொல்லித்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வழி வேறு. இடைநிலை வகுப்புகளில் வெற்றிடம் இருந்தால்தான் சேர்ப்பார்கள். தரம் 5 புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தால் தரம் 6க்கு வேறு பாடசாலை கேட்கலாம். சாதாரண தரம் முடித்தவர்கள் பெறுபேற்றோடு உயர்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், கடைசி இரண்டு தவணைகளின் முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இல்லை என்றே இருக்கும். நேரில் போனால் எந்த மாதம் மறுபடி வர வேண்டும் என்றாவது சொல்வார்கள்.

படி 3: காலி வீதியின் எந்தப் பக்கம்?

ஊர்ப் பெயர் முடிவான பிறகு பலரும் கேட்காமல் விடுகிற கேள்வி இது. கொழும்புக்காரர் கடல் பக்கம், தரைப் பக்கம் என்று சொல்வார்கள். நடுவே காலி வீதி. பாணந்துறை போகிற 100, மொறட்டுவை போகிற 101 பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுகிற வீதி. எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கடக்க விட எந்தத் தாய்க்கும் மனம் வராது.

எங்கள் முதல் வீடு கடல் பக்கம், பாடசாலை தரைப் பக்கம். நேர்கோட்டில் பார்த்தால் ஒரு கிலோமீற்றர் கூட இல்லை. வீதியைக் கடக்கப் பயந்து ஸ்கூல் வேன் பிடித்தோம். அந்த வேன் எங்கள் ஒழுங்கைக்கு 6.05க்கு வரும். பிறகு தெஹிவளை வரை போய் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 7.10க்குப் பாடசாலை வாசலுக்கு வந்து சேரும். மகன் ஒவ்வொரு நாளும் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடி போவான், கன்னத்தில் ரப்பர் பட்டியின் தழும்போடு இறங்குவான். தரைப் பக்கம் மாறிய பிறகு ஏழு மணிக்குப் புறப்பட்டு ஏழே நிமிடத்தில் நடந்து போனார்கள்.

அரச பாடசாலை மணி 7.30க்கு அடிக்கும், 1.30க்கு விடும். அந்த இரண்டு நேரத்தையும் வைத்துப் பாதையைக் கணக்குப் போடுங்கள். இரண்டு பிள்ளைகள் இரண்டு பாடசாலை என்றால், இளைய பிள்ளையின் பக்கத்தில் வீடெடுங்கள். பெரியவர் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்க்கொள்வார்.

படி 4: தண்டவாளத்தை மறக்க வேண்டாம்

கொள்ளுப்பிட்டியிலிருந்து தெற்கே ரயில் பாதை கடலை ஒட்டியே போகிறது. பிள்ளைக்கு இது பெரிய வசதி. பாணந்துறையில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்கினால் காலி வீதி நெரிசலே இல்லை. மாணவர் சீசன் எடுத்துவிட்டால் செலவும் குறைவு. ஆனால் வேலை நாள் காலையில் கோட்டைப் பக்கம் போகிற ரயில்களில் வாசலில் தொங்கிக்கொண்டு போவார்கள். தரம் 9க்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியாக அந்தக் கூட்டத்தில் அனுப்ப நான் விடமாட்டேன்.

வெள்ளவத்தையில் கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு அப்பால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். கடலைத் தொட வேண்டும் என்றால் தண்டவாளத்தைக் கடந்தே ஆக வேண்டும். இரட்டைப் பாதை. ஒரு ரயில் போய் முடிந்ததும் பிள்ளைகள் உடனே ஓடுவார்கள், அந்த இரைச்சலில் மறுபக்கத்திலிருந்து வருகிற ரயில் கேட்காது. குடிவந்த முதல் வாரமே பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ரயில் போன பிறகு நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள். காதில் இயர்போனோடு தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது என்று வீட்டுச் சட்டமே போடுங்கள்.

படி 5: தண்ணீர் எங்கே வரும்?

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், அந்த மாதங்களில் பிள்ளைகளைக் கடலில் இறக்க வேண்டாம். ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர இடிமழை ஒரு மணி நேரத்தில் ஒழுங்கையைக் குளமாக்கிவிடும். வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய் ஆகியவற்றின் ஓரத்தில் தரைத்தள வீடு என்றால், மதிலில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் பக்கத்து மதிலைப் பாருங்கள். எதிர்க் கடைக்காரரிடம் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்.

களனி ஆற்றோரம் இன்னும் கவனம் வேண்டும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டியப் பகுதிகள் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமி மொறட்டுவைக் கரையோரக் குடியிருப்புகளையும் அடித்தது. தண்டவாளத்துக்குக் கடல் பக்கமாக உள்ள வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிள்ளைகளோடு அங்கே போகாதீர்கள்.

டெங்குவும் தண்ணீர்க் கதைதான். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பக்கத்தில் பாதியில் நிற்கிற கட்டடம், மூடி இல்லாத தண்ணீர்த் தாங்கி, இலை அடைத்த பீலி இருக்கிறதா என்று மொட்டைமாடி வரை ஏறிப் பாருங்கள். பக்கத்தில் எந்த அரச வைத்தியசாலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெஹிவளைப் பக்கத்துக்குக் களுபோவில கிட்ட. சிறுபிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி றிட்ஜ்வே.

படி 6: உப்புக்காற்று

வீடு பார்க்கப் போனால் சன்னல் கீலில் விரலை வைத்துத் தேயுங்கள். பழுப்புத் தூள் ஒட்டினால், உங்கள் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் அதே கதிக்கு ஆளாகும். எங்கள் ஐந்தாம் மாடியில் மகளின் கவராயத்தின் திருகு ஒரே தவணையில் இறுகிப்போனது. இரும்புச் சன்னலை விட அலுமினியம் நல்லது. பல்கனிக் கம்பியைக் கையால் ஆட்டிப் பாருங்கள், குறிப்பாக அடியில், சீமெந்தோடு சேருகிற இடத்தில். அங்கேதான் முதலில் உக்கும். சின்னப் பிள்ளைகள் சாய்கிற கம்பி அது. கடலிலிருந்து மூன்று நான்கு கட்டடம் உள்ளே தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

படி 7: பின்னேரம்

1.30க்குப் பிறகு பிள்ளை எங்கே? டியூஷன் எடுப்பதாக இருந்தால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ் வகுப்புகள் நடை தூரத்தில் கிடைக்கும், மொறட்டுவையிலிருந்து வந்து போவது கஷ்டம். வெள்ளவத்தையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. விளையாட மைதானம்தான் அந்தப் பக்கத்தில் குறைவு, அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வாருங்கள்.

படி 8: அட்வான்ஸ் கொடுக்க முன்

பல வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். தரகருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில், நொத்தாரிசு முன் செய்யுங்கள். பாடசாலைத் தவணை நடுவில் வீட்டை விட்டு எழுப்பக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இதை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் பெயரை அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் பதிய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? பலர் தயங்குவார்கள். வீட்டில் இன்னும் பாடசாலை போகாத பிள்ளை இருந்தால், அந்தப் பதிவுதான் நாளைக்குப் புள்ளி. சம்மதத்தை வாயால் வாங்கிக்கொண்டு விடாமல், வந்த வாரமே கிராம அலுவலரைப் போய்ப் பாருங்கள்.

படி 9: ஒரு நாள் ஒத்திகை

கடைசியாக, பணம் கைமாற முன் ஒரு வேலை நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலை 6.30க்கு அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. புத்தகப் பையை உண்மையான கனத்தோடு மாட்டிவிட்டு, அங்கிருந்து பாடசாலை வாசல் வரை நடக்க விடுங்கள். எங்கே நின்றார்கள், எங்கே உங்கள் கையைத் தேடிப் பிடித்தார்கள் என்று பின்னால் வந்து பாருங்கள். அப்படிக் கையைப் பிடித்த இடங்கள் இரண்டுக்கு மேல் என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.