முதல் நெடுந்தூர டிரையத்லானா? வெயிலையும் வயிற்றையும் மறந்துவிடாதீர்கள்

பினாங்கில் எங்களோடு சைக்கிள் ஓட்டும் தம்பி ஒருவர், லங்காவியில் நடக்கும் முழு அயன்மேன் போட்டிக்குப் பெயர் கொடுத்த கையோடு, "அண்ணே, எந்தச் சைக்கிள் வாங்கலாம்?" என்று கேட்டார். முதல் தடவை போகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வது. முழு அயன்மேனில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். வழக்கமாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இந்தத் தூரத்தை ஓடும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் ஓடத் தயாராக இருக்கும். வயிறு ஒத்துழைக்காது, அல்லது சூடு தலைக்கேறியிருக்கும். சைக்கிள் விலையைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தையே பாருங்கள். தெலுக் பகாங் அணைக்கட்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி, பாலிக் புலாவில் இறங்கியதும் ஒரு கடையில் உட்கார்ந்து பசியாறுவோம். ரொட்டி சானாய், தே தாரேக், அரை மணி நேரப் பேச்சு. டுரியான் காலமென்றால் இன்னும் ஒரு இடத்தில் நிற்போம். அருமையான காலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி மாதக்கணக்கில் 120 கி.மீ. ஓட்டியவர், ஓட்டிக்கொண்டே சாப்பிட ஒருநாள்கூடப் பழகியிருக்கமாட்டார். போட்டியில் சீட்டில் இருந்தபடியேதான் சாப்பிட வேண்டும். உழைக்கும் தசைக்கும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் இரத்தம் ஓடிவிடுவதால் வயிற்றுக்குக் குறைவாகவே கிடைக்கும். அந்த நேரத்தில் பழக்கமில்லாத வயிற்றில் இனிப்பு ஜெல்லை (சக்திக்காகச் சாப்பிடும் கூழ்) ஊற்றினால் அது அங்கேயே தேங்கிக் குமட்டும்.

வயிற்றுக்கும் பயிற்சி கொடுக்கலாம். மணிக்கு 30, 40 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, வாரவாரம் கூட்டி 60 கிராம் வரை கொண்டுவாருங்கள். நன்றாகப் பழகியவர்கள் 90 கிராம் வரை போகிறார்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போடுவது எளிது. போட்டியில் என்ன பானம் தருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதையே பயிற்சியிலும் குடியுங்கள்.

அப்புறம் தண்ணீர். "வெயில் அதிகம், நிறையக் குடி" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் பல மணி நேரம் வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, கை வீக்கம், குழப்பமான பேச்சு என்று வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பார்ப்பவர்கள் நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அது நிலைமையை மோசமாக்கும். உங்கள் வியர்வையின் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம்: ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பானத்தில் உப்பும் இருக்கட்டும்.

இன்னொரு தவறு, காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் எல்லாப் பயிற்சியையும் முடித்துவிடுவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, புரிகிறது. ஆனால் போட்டியில் நீங்கள் ஓடத் தொடங்குவதே நண்பகலை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். உடல் சூட்டுக்குப் பழக சுமார் இரண்டு வாரம் ஆகும். கடைசி மாதத்தில் சில பயிற்சிகளை மட்டும் பத்து, பதினோரு மணிக்கு மாற்றுங்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் அரை மணி நேரமாவது ஓடுங்கள். வேகத்தைக் குறைத்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். யாராவது தள்ளாடி, பேச்சுக் குழறினால் உடனே நிறுத்தி, குளிர்ந்த நீரால் உடம்பை நனைத்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

நீச்சலில் நாம் ஏமாறுவது, குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்வதால். அங்கே வெட்சூட் என்கிற ரப்பர் நீச்சல் உடை உடம்பை மிதக்க வைக்கும். நம் கடலின் சூட்டுக்கு அது தேவையும் இல்லை, பரிசுக்குப் போட்டியிடுவோர் நீரின் வெப்பம் 24.5 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் அணியவும் முடியாது. குளத்தில் தரையில் கோடு இருக்கும், கடலில் எதுவும் தெரியாது. ஆறு, எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை தலையைச் சற்றுத் தூக்கி, வழி காட்டும் மிதவையைப் பார்க்கப் பழக வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்களே, தஞ்சோங் பூங்கா கடற்கரைப் பக்கம் தனியாக இறங்கவே இறங்காதீர்கள். பினாங்குக் கடலில் ஜெல்லிமீன் உண்டு, அவற்றில் பெட்டி வகை கொடிய நஞ்சுள்ளது.

கூட்டமாகவே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்னால் போகிறவர் காற்றை மறைப்பார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு குறையும். அயன்மேன் போட்டியில் அது கூடாது, 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆகவே மாதத்தில் இரண்டு நீண்ட பயணமாவது தனி ஆளாக, காற்றை நீங்களே வாங்கி ஓட்டுங்கள். போட்டியன்று முதல் 60 கி.மீ. "இவ்வளவு மெதுவாகவா?" என்று தோன்றும் வேகத்தில் போனால் போதும். பதறாத காரியம் சிதறாது.

வலிக்கு முன்கூட்டியே இபுப்ரோஃபன் விழுங்குவது வேண்டாம், உடலில் நீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கடைசி இரண்டு வாரத்தில், விட்டுப்போன பயிற்சியைப் பிடிக்கிறேன் என்று தூரத்தைக் கூட்டுவதும் வேண்டாம். அந்த நாட்களில் செய்கிற பயிற்சி போட்டிக்குள் பலனாக மாறாது, களைப்பாகத்தான் தங்கும். சரி, கை சும்மா இருக்க மறுக்கிறதா? சைக்கிள் சக்கரத்தின் ரப்பர் டியூப் மாற்றுவதை வீட்டிலேயே பத்துமுறை செய்து பாருங்கள்.