நெஞ்சு படபடக்கிறதா? முதலில் காபி டம்ளரைப் பாருங்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தால், அன்று என்ன குடித்தீர்கள் என்று யோசியுங்கள். வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபி, அப்புறம் மதியம் வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. பலருக்கு இதுதான் வழக்கம். காபியில் உள்ள, நெஞ்சைப் படபடக்க வைக்கும் கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அதனால் மாலைக் காபியை முதலில் விடுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரலாம். மெல்லக் குறைப்பதே நல்லது.

உடலில் தண்ணீர் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும்; அதனால் வெயிலில் வியர்த்தால் உப்புப் போட்ட மோர் குடிக்கலாம். இளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மூக்கடைப்புக்கு நாமே வாங்கிப் போடும் சில மாத்திரைகளும் படபடப்பைக் கிளப்பும். இது பலருக்குத் தெரிவதில்லை.

படபடக்கும்போது மணிக்கட்டில் நாடியை 1 நிமிடம் எண்ணி, நேரத்தோடு குறித்து வையுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. அடிக்கடி வந்தால் அந்தக் குறிப்போடு போய் ஈசிஜி எடுத்து, ரத்தசோகையும் தைராய்டும் பாருங்கள். படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் மோர் கலக்கிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.