மரவாடிக் குடும்பத்தின் பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு

பூர்வீகம் தேடக் கிளம்புகிறவர்கள் முதல் வேலையாகக் கல்யாணப் போட்டோக்களை எடுத்துப் பரப்பிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், பயன் குறைவு. உங்கள் பாட்டனார் பினாங்கில் மரவாடி நடத்தியவரோ, பலகை அறுத்தவரோ, விறகுக்கடை வைத்தவரோ என்றால் கடைக் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். கல்யாணத்தை எழுதி வைக்கும்படி நம் வீட்டாரை அன்று யாரும் கேட்கவில்லை. கட்டைக்கு உரிமம், கடைக்கு வாடகைச் சீட்டு, கடனுக்குப் பத்திரம் என்று அரசாங்கமும் செட்டியாரும் கையெழுத்துக் கேட்டார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்திரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் காகிதத்தின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு.

என் மருமகள் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்காரி. அவளுடைய கொள்ளுத்தாத்தாவும் மர வியாபாரிதான், சாகினா நகரில். அவள் தன் குடும்பத்தைத் தேடிய விதத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. அங்கே குடிக்கணக்கு ஏடுகளை 72 ஆண்டுகள் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டு ஏடு 2022 ஏப்ரலில் திறந்தது. 1900ஆம் ஆண்டு ஏட்டில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய பெயர், பிறந்த மாதம், வெளிநாட்டிலிருந்து வந்தவரானால் வந்த ஆண்டு எல்லாம் இருக்கின்றன. தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக வரையப்பட்ட சான்பார்ன் வரைபடங்களில் மர ஆலையின் கொட்டகை முதல் பலகை அடுக்கிய இடம் வரை குறித்திருக்கிறார்கள். மலாயாவிலும் வெள்ளைக்காரன் குடிக்கணக்கு எடுத்தான். நம் கைக்கு வருவது மொத்த எண்ணிக்கை மட்டும்: இந்த ஊரில் இத்தனை தமிழர், அவர்களில் இத்தனை பெண்கள். தாத்தா அந்த எண்ணிக்கைக்குள் எங்கோ இருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே நாம் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

பெரியவர்கள் இருக்கும்போதே பேசிவிடுங்கள். கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். "தாத்தா எந்த வருஷம் வந்தார்?" என்று கேட்டால் ஒரு வருஷம் சொல்வார்கள், அது பெரும்பாலும் குத்துமதிப்பு. "கடையில் கணக்கப்பிள்ளை யார்? கை ரம்பம் போய் மின்சார ரம்பம் வந்தது சப்பான்காரன் காலத்துக்கு முன்பா பின்பா? 1967 ஹர்த்தாலின்போது கடை எந்தத் தெருவில் இருந்தது?" என்று கேளுங்கள். பதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு வரும். கப்பலைப் பற்றிச் சொல்வதை மட்டும் அப்படியே எழுதிவிடாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த எல்லாக் கப்பலும் நம் பெரியவர்களுக்கு ராஜுலாதான். ராஜுலா கட்டப்பட்டதே 1926இல். அதற்கு முன்பே தாத்தா பினாங்கில் வாடகை கட்டியிருந்தால் அவர் வந்தது வேறு கப்பல்.

அடுத்தது கணக்குப் புத்தகம். வீட்டில் இல்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சாமி அறைப் பரணில், பழைய தகரப் பெட்டிக்கு அடியில் பாருங்கள். எங்கள் பேரேடு சரஸ்வதி பூஜைக்கு வைத்து வைத்தே பிழைத்தது. குங்குமம் அப்பிய பக்கங்களைக் கரையான் தொடவில்லை. காரணம் குங்குமமா, சரஸ்வதியா என்று நான் ஆராயவில்லை.

படிப்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ௧, ௨, ௭, ௮ ஆகிய எண்கள் க, உ, எ, அ போலவே இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று குறிகள் வரும். வருஷம் பெயரில் இருக்கும். யுவ வருஷம் என்றால் 1935, அல்லது 60 ஆண்டு முன்னே 1875, பின்னே 1995. எது என்பதைக் கடையின் காலத்தை வைத்து முடிவு செய்யலாம். சித்திரையில் வருஷம் மாறுவதால், தை, மாசி, பங்குனிக் கணக்கு என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரசாங்கம் கொடுத்த காகிதங்களில் 2602, 2603 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது அவர்களுடைய ஆண்டுக்கணக்கு, 2602 என்றால் 1942. இன்னொன்று, மரக்கணக்கில் ஒரு டன் என்பது எடையைச் சொல்வதில்லை, 50 கன அடியைச் சொல்வது.

இனி எதைத் தேடுவது? வரவுப் பக்கத்தில் வியாபாரம் இருக்கும். அதைப் புரட்டிவிட்டுப் போகலாம். குடும்பம் முழுக்கப் பற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் பேரேட்டில் யுவ வருஷம் ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்று. மேலே பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வந்த செங்கால் என்ற வன்மரக் கட்டைக்குத் தொங்காங் கூலி, அதாவது சரக்குப் படகுக் கூலி. அதன் கீழே ஆள் கூலி, ரம்பத்துக்கு அரம். அதற்கும் கீழே அதே மசியில், அதே கோணல் கையெழுத்தில்: "மருத்துவச்சிக்கு வெள்ளி ௩. சர்க்கரை, கற்கண்டு வகைக்கு வெள்ளி ௧." அதாவது மூன்று டாலர், ஒரு டாலர். தாத்தாவின் கடைசிப் பிள்ளை என் சின்ன அத்தை. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்துக்காக அடையாள அட்டைப் பதிவு வந்தபோது யாரோ வாயில் வந்த வயதைச் சொல்ல, அத்தையின் பிறந்த ஆண்டு 1937 ஆகிவிட்டது. கணக்குப்படி 1935. பக்கத்தைக் காட்டினேன். "இந்த வயதில் போய் இரண்டு வயதைக் கூட்டுகிறாயே" என்று கோபித்துக்கொண்டார். பிறகு, "சர்க்கரைதானா? அண்ணன் பிறந்தபோது ஜிலேபி கொடுத்தார்களாம்" என்றார். இப்படிக் கல்யாணச் செலவு, மைத்துனன் மகனுக்குக் கப்பல் சீட்டு, ஊருக்கு அனுப்பிய பணம் என்று ஒவ்வொன்றையும் தனி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பணம் யாருக்குப் போனது என்று பார்த்தாலே ஊரில் யார் யார் உறவு என்பது வந்துவிடும்.

கடை விலாசத்தின், அதாவது கடைப்பெயரின், தலைப்பெழுத்துகளையும் கவனியுங்கள். செட்டியார்களைப் பார்த்துப் பல கடைக்காரர்கள் பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து விலாசம் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அந்த எழுத்துகள் ஓர் இரும்புச் சுத்தியலின் முகத்தில் இடவலம் மாறிக் கிடந்தன. காட்டில் வெட்டிய கட்டை யாருடையது என்பதற்கு அதன் வெட்டு முகத்தில் அடிக்கிற முத்திரைச் சுத்தியல் அது. என் தம்பி அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தான். இப்படி ஏதாவது கிடைத்தால் துருவைச் சுரண்டாமல், மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமக்காரர்கள் தங்கள் முத்திரையை வன இலாகாவில் பதிந்தாக வேண்டும் என்பதால் அந்த எழுத்தே ஒரு தேடு சொல்.

பத்திரிகைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தளத்தில் பினாங்கு கெசட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, தமிழ் முரசு எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் தேடும்போது பெயரைப் பல விதமாக எழுதிப் பாருங்கள். முத்துசாமியை ஒரு குமாஸ்தா யூ போட்டு எழுதுவார், இன்னொருவர் இரட்டை ஓ போட்டு எழுதுவார். பெயர் அகப்படாவிட்டால் தெருவின் பெயரோடு டிம்பர் (மரம்), சாமில் (மர ஆலை) என்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். கூட்டு வியாபாரம் முறிந்த அறிவிப்பு, திவால் அறிவிப்பு, மரவாடியில் தீப்பிடித்த செய்தி ஆகியவைதான் நமக்கு உதவுபவை.

என் தொழிலுக்கு வருகிறேன். பினாங்கில் நில உரிமை முன்பு பத்திரத் தொடர்ச்சியாகத்தான் இருந்தது. பினாங்கு, மலாக்காவுக்கென்று 1963இல் வந்த சட்டம்தான் அதை மாற்றிப் பட்டாப் பதிவுக்குக் கொண்டுபோனது. பட்டாவில் இன்றைய உரிமையாளரின் பெயர் இருக்கும். குடும்பக் கதை இருக்காது. பழைய பத்திரம் அப்படியன்று. "இன்னார் இந்தத் தேதியில் காலமாக, மனைவியையும் இன்ன மூன்று மகன்களையும் விட்டுச் சென்றபடியால்" என்று தொடங்கித்தான் விற்பனைக்கே வரும். அந்த முன்னுரையைச் சலிப்பாக நினைத்துத் தாண்டிவிடாதீர்கள், அதுதான் வம்சாவளி. தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் இன்னும் நல்லது: 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்தில் மனு கொடுத்தவர்கள் எல்லா வாரிசுகளின் பெயரையும் உறவு முறையையும் எழுதியாக வேண்டும். யாரும் பேசாத இரண்டாம் தாரம் அங்கே வந்து நிற்பதை வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள்.

சொந்த நிலமே இல்லையென்றால் வாடகைச் சீட்டு. ஜார்ஜ் டவுனில் கோயில், பள்ளிவாசல், சீனச் சங்கம் என்று பொது நிலங்களில் குடியிருந்த கடைகள் ஏராளம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் முடிவுக்கு வந்தபோது பலரும் காலி செய்தார்கள். தாத்தாவின் சீட்டுகள் அன்று குப்பைக்குப் போயிருந்தாலும், நில உரிமையாளர்களின் பேரேட்டில் பெயர் இருக்கக்கூடும். மரியாதையாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள்; நேரில் போய் நின்றால் வாடகைப் பாக்கிக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.

கட்டை கெடாவிலிருந்து வந்திருந்தால் அதன் தலைநகர் அலோர் ஸ்டாரையும் விடாதீர்கள். சுல்தான் அப்துல் ஹமீது ஹலிம் ஷா காலத்து அரசாங்கக் கடிதப் போக்குவரத்து அப்படியே பிழைத்திருக்கிறது. யுனெஸ்கோ 2001இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் ஜாவி எழுத்து, அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாய். ஜாவி படிக்கத் தெரிந்த ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் எந்தத் தாமானிலும் (குடியிருப்பிலும்) இருப்பார். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரே கிடைத்தார், தேத்தண்ணீர்தான் கூலி. தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவதாக இருந்தால் இணையப் பட்டியலில் கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய் "என் தாத்தாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் அவர்களும் என்னதான் செய்வார்கள்.

கடைசியாக ஒரு தொல்லை. நீங்கள் பத்திரம் தேடுகிறீர்கள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சொத்துக்கு அடிபோடுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். விளக்கம் சொல்லிப் பயனில்லை. கிடைக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் பிரதி எடுத்து, எல்லாக் கிளைக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் பெரியப்பா வீட்டிலிருந்து, "எங்களிடமும் பழைய புத்தகம் ஏதோ கிடக்கிறது, வந்து பார்க்கிறாயா?" என்று போன் வந்தது. தாரண வருஷத்துப் பேரேடு, ஜப்பானியர் காலத்தின் பிற்பகுதி. முதல் பக்கத்திலேயே கட்டை வரவு இல்லை, மரவள்ளிக்கிழங்கு வரவு இருக்கிறது.